செயற்கை மூட்டோடு ஏற்றமும் இறக்கமும்

"படி ஏற முடிகிறதா?" என் செயற்கைக் காலைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. முடிகிறது. கைப்பிடி இருந்துவிட்டால் படி ஒரு பெரிய விஷயமே இல்லை. ஒவ்வொரு படியும் மட்டமானது, பாதம் முழுசாகப் பதிகிறது, நிற்க வேண்டுமென்றால் நிற்கலாம். என்னைத் திணறடிப்பது அதற்குப் பக்கத்திலேயே போட்டிருக்கும் சாய்தளம்தான்.

சாய்தளம் சக்கர நாற்காலிக்கு அவசியம், அதில் பேச்சே இல்லை. 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் உயரக்கூடாது என்பது பல நாடுகளில் இருக்கும் விதி. டிகிரியில் சொன்னால் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு கால் உள்ளவர்களுக்கு அப்படி ஒரு சாய்வு இருப்பதே உறைக்காது. முழங்காலுக்கு மேலே கால் எடுக்கப்பட்டவருக்கோ அந்தச் சின்னச் சாய்விலேயே செயற்கைப் பாதம், செயற்கை முழங்கால் மூட்டு, மிச்சமிருக்கும் தொடை நுழையும் கிண்ணமான சாக்கெட், இடுப்பு எல்லாம் வேறு மாதிரி நடந்துகொள்ள ஆரம்பிக்கும். "உங்களுக்காகத்தான் போட்டிருக்கு, இப்படி வாங்க" என்று அன்போடு கூப்பிடுகிறவரிடம் தலையாட்டிவிட்டு நான் படிக்கட்டுப் பக்கம் போனால் வீம்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு இடது கால் தொடையின் பாதியோடு முடிகிறது. எப்படிப் போனது என்ற கதை இங்கே வேண்டாம். இரண்டு வகைச் செயற்கை முழங்கால் மூட்டுகளோடு பல வருடங்கள் சரிவுகளில் நடந்ததில் பிடிபட்டதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பம். சரிவில் நடப்பது பற்றி அனுபவசாலிகளிடம் கேட்டால் நேர் எதிரான இரண்டு பதில்கள் வரும். ஒருவர், "இறங்கும்போது மூட்டு மடங்கவே கூடாது, இடுப்பால் பின்னுக்கு இழுத்துப் பிடி" என்பார். இன்னொருவர், "மடங்க விடு, தைரியமாக எடையைப் போடு" என்பார். இரண்டு பேருமே நன்றாக நடக்கிறவர்களாக இருப்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், அவரவர் போட்டிருக்கும் மூட்டுக்கு. ஆகவே யாரிடம் யோசனை கேட்டாலும், "உங்களுடையது என்ன மூட்டு?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். அது தெரியாமல் வாங்கிய யோசனையை இறக்கத்தில் போய் முயன்று பார்க்காதீர்கள். இந்தக் கட்டுரையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரிவில் வரும் தகராறு மூட்டில் தெரிந்தாலும், அது ஆரம்பிப்பது கணுக்காலில். இறக்கத்தில் இயல்பான காலின் குதிகால் பட்டதும் கணுக்கால் வளைந்து கொடுத்துப் பாதத்தைத் தரையோடு படிய வைக்கும். சாதாரணச் செயற்கைப் பாதத்தில் அப்படி வளைய எதுவும் கிடையாது. குதிப்பக்கம் இருக்கும் ரப்பரோ கார்பன் தகடோ எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவுதான். அதற்கு மேலும் பாதம் படிய வேண்டுமென்றால் கீழ்க்கால் முன்னால் சாய்ந்தாக வேண்டும். கீழ்க்கால் முன்னால் சாய்ந்தால் மூட்டு மடங்கும். ஏற்றத்தில் இதற்கு நேர்மாறு. பாதத்தின் முன்பகுதி தரையில் முட்டி, கீழ்க்காலைப் பின்னால் தள்ளும். மூட்டு விறைப்பாக, பத்திரமாக நிற்கும். ஆனால் அந்தப் பாதத்தைத் தாண்டி உடம்பை முன்னால் கொண்டுபோவதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

இன்னொரு விஷயமும் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. காலை ஊன்றும்போது தரை நம்மைத் திருப்பித் தாங்குகிற விசையை, பாதத்திலிருந்து மேலே போகும் ஒரு கோடாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு மூட்டின் அச்சுக்கு முன்னால் போனால் மூட்டு நேராக நிற்கும். பின்னால் போனால் மடங்கப் பார்க்கும். இயல்பான காலில் கோடு பின்னால் போனாலும் தொடையின் முன்தசை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு இடது பக்கத்தில் அந்தத் தசை மூட்டு வரை போவதே இல்லை. பிடிக்க வேண்டியது ஒன்று என் இடுப்பு, இல்லாவிட்டால் மூட்டுக்குள் இருக்கும் இயந்திரம்.

இறக்கத்தைப் பார்த்ததும் உடம்பைப் பின்னால் சாய்ப்பது யாருக்கும் வருகிற பழக்கம். ஆனால் உடம்பு பின்னால் போனால் அந்தக் கோடும் மூட்டுக்குப் பின்னால் போய்விடும். விழுந்துவிடுவோமோ என்று பயந்து செய்கிற காரியமே மூட்டை மடக்கிவிடும். முதுகை நிமிர்த்தி, இடுப்பைப் பாதத்துக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். எழுதுவது சுலபம். சரிவின் உச்சியில் நின்று கீழே பார்க்கும்போது உடம்பு கேட்காது. அதனால் நான் கீழே பார்ப்பதில்லை, நாலைந்து எட்டுக்கு முன்னால் இருக்கும் தரையைத்தான் பார்க்கிறேன். பாதத்தையே பார்த்துக்கொண்டு நடந்தால் தலை குனியும், இடுப்பு பின்னால் போகும், அப்புறம் அதே கதைதான்.

செருப்பு, ஷூ பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செயற்கைக் கால் ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்குத்தான் சரிசெய்யப்பட்டிருக்கும். அதைவிடக் குதி உயர்ந்த ஷூவைப் போட்டால் கீழ்க்கால் முன்னால் சாய்ந்துவிடும். அதாவது மட்டமான தரையிலும் நீங்கள் இறக்கத்தில் நிற்கிறீர்கள். குதி குறைந்ததைப் போட்டாலோ வெறுங்காலோடு நடந்தாலோ ஏற்றத்தில் நிற்கிற மாதிரி மூட்டு பின்னால் தள்ளும். புது ஷூ வாங்கிய அன்றைக்கே இறக்கம் உள்ள இடத்துக்குக் கிளம்ப வேண்டாம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, குதியின் உயரத்துக்கும் முன்பகுதியின் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் இரண்டிலும் ஒன்றுதானா என்று அளந்து பாருங்கள். ஷூவின் வெளித்தோற்றம் இதில் ஏமாற்றிவிடும்.

சரி, மூட்டுக்கு வருவோம். நான் முதலில் போட்டிருந்தது எடை விழுந்தால் இறுக்கிப் பிடிக்கும் இயந்திர மூட்டு. உள்ளே இருப்பது ஓர் உராய்வு பிரேக். மட்டத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. இறக்கத்தில் அதற்கு இரண்டே நிலைதான்: பிடிக்கும், இல்லையென்றால் விட்டுவிடும். கொஞ்சம் கொஞ்சமாக மடங்குவது என்ற பேச்சே கிடையாது. அதுவும் மூட்டு ஓரளவு நேராக இருக்கும்போது எடை விழுந்தால்தான் பிடிக்கும். நன்றாக மடங்கிய பிறகு எடையைப் போட்டால் பிடிக்குமென்று நம்பக் கூடாது.

இந்த வகை மூட்டோடு இறங்கும் முறை இது. செயற்கைக் காலை முதலில் வையுங்கள், சின்ன எட்டாக. குதிகால் தரையில் படுகிற அந்த நொடியில் ஸ்டம்ப்பை, அதாவது மிச்சமிருக்கும் தொடையை, சாக்கெட்டின் பின்சுவரோடு சேர்த்து அழுத்த வேண்டும். பிட்டத்துத் தசையை இறுக்கினால் அது தானாக நடக்கும். மூட்டு நேராக நிற்பது உறுதியானதும் நல்ல காலைக் கொண்டுவந்து செயற்கைக் காலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள், தாண்டி வைக்க வேண்டாம். உடம்பை இறக்கும் வேலையை முழுக்க நல்ல முழங்கால்தான் செய்கிறது. மெதுவான நடைதான், பார்க்க அழகாகவும் இருக்காது. ஆனால் பத்திரமானது. கையால் பூட்டித் திறக்கும் மூட்டுக்கும் இதே வரிசைதான். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது செயற்கைக் கால் முன்னால் என்று பிசியோக்கள் சொல்லித்தருவது இந்த நடையைத்தான்.

நான்கு இணைப்புத் தண்டுகள் உள்ள மூட்டுப் போட்டவர்களும் இறக்கத்தில் அநேகமாக இப்படித்தான் நடக்கிறார்கள். அந்த மூட்டு நேராக நிற்கும்போது அதன் சுழல் மையம் கண்ணுக்குத் தெரியும் மூட்டைவிட மேலேயும் பின்னாலேயும் விழும். அதனால் விசைக் கோடு மையத்துக்கு முன்னாலேயே நிற்கிறது, ஊன்றும்போது தடுமாறாது. மடங்கும்போது கால் கொஞ்சம் நீளம் குறையும் என்பதால் ஏற்றத்தில் விரல்நுனி தட்டுவதும் குறையும். மின்சாரம், பேட்டரி எதுவும் தேவையில்லாத மூட்டுகளில் மேடு பள்ளத்துக்கு ஓரளவு ஒத்துவருவது இதுதான் என்பது என் கருத்து.

அடுத்து எனக்குக் கிடைத்தது ஹைட்ராலிக் மூட்டு, நுண்செயலி உள்ளது. ஊன்றிய நிலையிலும் எண்ணெயின் தடுப்பால் மெதுவாக மடங்கிக்கொடுக்கும் மூட்டுகள் நுண்செயலி வருவதற்கு வெகு காலம் முன்பே இருந்தன. ஹான்ஸ் மாக் என்ற பொறியாளர் வடிவமைத்த மூட்டு அதில் புகழ்பெற்றது. ஆட்டோபாக் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த சி-லெக் என்ற மூட்டு, காலை ஊன்றும்போதும் முன்னால் வீசும்போதும் அந்தத் தடுப்பை நுண்செயலியால் கட்டுப்படுத்தியது. உணரிகள் ஒரு நொடிக்கு 50 முறை காலின் நிலையை அளந்து சொல்ல, எண்ணெய் போகும் வழியை மோட்டார் திறந்து மூடியது. இப்போது பல நிறுவனங்கள் இந்த மாதிரி மூட்டுகளைச் செய்கின்றன. விளம்பரங்களில் இதைப் போட்டவர்கள் மலை இறங்குவது போலக் காட்டுகிறார்கள். காட்டாமல் விடுவது, அப்படி இறங்குவதற்கு முன்னால் அவர்கள் எதை மறக்க வேண்டியிருந்தது என்பதை.

எனக்கு மறக்க வேண்டியிருந்தது அந்தப் பின்னுக்கு இழுக்கும் பழக்கம். புது மூட்டோடு கைப்பிடி உள்ள சாய்தளத்தில் நிற்க வைத்து பிசியோ சொன்னார், "பாரத்தை அது மேல விடுங்க."

"விட்டா மடங்குமே, மேடம்."

"மடங்கட்டும். மடங்கத்தானே அதைப் போட்டிருக்கோம்."

குதிகாலை வைத்தேன். பிட்டத்துத் தசை பழையபடி இறுகியது, மூட்டு நேராக நின்றது, நல்ல கால் தொப்பென்று கீழே விழுந்தது. மறுபடி, மறுபடி. அவர் என் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஒவ்வொரு எட்டாக வந்தார். இறுக்காமல் விட்டபோதுதான் அது புரிந்தது. எடை ஏறியதும் மூட்டு மெல்ல இறங்க ஆரம்பித்தது. கிணற்றில் குடத்தை விடும்போது கயிறு கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுமே, அந்த மாதிரி. அது இறங்கிக்கொண்டிருக்கும்போதே நல்ல கால் தாண்டிப் போய் முன்னால் பதிந்தது. கைப்பிடியை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது கையை எடுத்தபோது விரல்கள் வெளுத்திருந்ததில்தான் தெரிந்தது.

இந்த நடையில் சில நுணுக்கங்கள் உண்டு. முதலாவது, பாதி எட்டில் தயங்கக் கூடாது. மூட்டு மெதுவாக மடங்குமே தவிர தானாக நிற்காது. சில மாடல்களில் நின்றால் பூட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறது, உங்களுடையதில் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். நிற்க வேண்டுமென்றால் நல்ல காலில் போய் நில்லுங்கள். இரண்டாவது, மூட்டு முழுசாக மடங்குவதற்குள் நல்ல கால் தரைக்கு வந்தாக வேண்டும் என்பதால் நல்ல காலின் எட்டு நீளமாகப் போகக் கூடாது. சரிவு அதிகமானால் எட்டைச் சுருக்க வேண்டும். மூன்றாவது, தடுப்பின் அளவு. ரொம்ப இறுக்கமாக இருந்தால் செயற்கைக் கால் உங்களை உயரத்திலேயே நிறுத்திவிடும், நல்ல கால் குதித்து இறங்கும். தளர்வாக இருந்தால் சறுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். என் அனுபவத்தில் ஆரம்பத்தில் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொண்டு, நம்பிக்கை வர வரத் தளர்த்துவது நல்லது. உடம்பு எடை கூடினாலும் குறைந்தாலும் இதை மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். முதுகில் கனமான பை மாட்டுவதும் எடை கூடுவதுதான், அதுவும் பின்பக்கமாக.

நீண்ட இறக்கத்தில் இன்னொன்று நடக்கும். நீங்கள் இறங்கும் உயரமெல்லாம் மூட்டுக்குள் எண்ணெயின் சூடாக மாறுகிறது. தொடர்ந்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தால் அந்தச் சூடு வெளியேற நேரம் இருக்காது. என் மூட்டு அப்போது விட்டு விட்டு அதிரும், பிறகு தடுப்பைத் தானாகவே கூட்டிக்கொள்ளும். திடீரென்று கால் விறைப்பானதாகத் தெரியும். பழுது என்று பதற வேண்டியதில்லை. ஓரமாக உட்கார்ந்து ஆற விட்டால் பழைய நிலைக்கு வரும். பேட்டரி தீர்ந்தாலும் என் மூட்டு விறைப்பான பாதுகாப்பு நிலைக்குத்தான் போகிறது. அந்த நிலையில் எப்படி நடப்பது என்பதை வீட்டிலேயே பழகி வைத்திருக்க வேண்டும், பாதி மலையில் கற்றுக்கொள்ளும் பாடம் இல்லை அது. எனக்கு அந்த நேரத்தில் கைகொடுப்பது பழைய மூட்டில் பழகிய, நல்ல காலைப் பக்கத்தில் வைத்து இறங்கும் நடைதான். ஆகவே புது மூட்டு வந்ததும் பழைய நடையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எந்த மூட்டாக இருந்தாலும் ஓர் அளவுக்கு மேல் செங்குத்தானால் நேராக இறங்குவதை விட்டுவிட வேண்டியதுதான். அப்போது பக்கவாட்டில் திரும்புங்கள். நல்ல கால் எப்போதும் மேட்டுப் பக்கம், செயற்கைக் கால் பள்ளத்துப் பக்கம். இறங்கும்போது செயற்கைக் காலைக் கீழே வைத்து, அது ஊன்றியதும் நல்ல காலை அதனருகே கொண்டுவாருங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில் மேலே போகும். பக்கவாட்டில் நிற்கும்போது சரிவு மூட்டை முன்னாலோ பின்னாலோ தள்ளுவதில்லை, அதுதான் இதில் உள்ள லாபம். மேட்டுப் பக்கத்துக் கால் மடங்கி உயர வித்தியாசத்தைச் சமாளிக்க வேண்டும், அதை நல்ல முழங்கால்தான் செய்ய முடியும்.

வளைந்து வளைந்து ஏறினால் சாய்வு குறையும் என்பது எல்லாருக்கும் தெரிந்த வித்தை. ஒற்றைக் கால்காரருக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு திசையில் போகும்போது நல்ல கால் மேட்டுப் பக்கம் வரும், திரும்பிப் போகும்போது செயற்கைக் கால் மேட்டுப் பக்கம் வந்துவிடும். அது மேட்டில் தட்டிக்கொண்டே வரும். நான் சாதகமான திசையில் நீளமாகவும் மற்றத் திசையில் சின்னதாகவும், தேவைப்பட்டால் பக்கவாட்டு எட்டாகவும் போகிறேன். சாலையோரம், வண்டி ஏறுவதற்காகச் சரித்துவிட்ட நடைபாதை இவற்றிலும் இதே கணக்குதான். எனக்கு இடது கால் செயற்கை என்பதால் வலது பக்கம் உயர்ந்திருக்கும் ஓரத்தைத் தேடுவேன். எதிர்ப்பக்கம் போய் நடந்தால் சரிவு மாறிவிடும், கடந்து போவது மதிப்புள்ளதுதான், சாலை கடக்கக் கூடியதாக இருந்தால்.

ஏற்றம் பற்றிச் சொல்ல இவ்வளவு இல்லை. விழும் பயம் குறைவு, உழைப்பு அதிகம். நல்ல கால் நீளமான எட்டு, செயற்கைக் கால் குட்டையான எட்டு. ஏற்றத்தில் தரை சீக்கிரமே வந்துவிடும் என்பதால், வீசிய கீழ்க்கால் முழுசாக நீளுவதற்கு முன்பே பாதம் தரையில் பட்டுவிடலாம். மூட்டு அப்போது பாதி மடங்கிய நிலையில் இருக்கும், அதன் மேல் எடையைப் போட்டால் பிரேக் வகை மூட்டு விட்டுவிடும். குட்டை எட்டுப் போடச் சொல்வது இதற்காகத்தான். விரல்நுனி தட்டாமலிருக்கப் பலர் நல்ல காலின் முன்பாதத்தில் எம்பி எம்பி நடப்பார்கள். கொஞ்ச தூரத்துக்குச் சரி, அதையே பழக்கமாக்கினால் நல்ல காலின் கெண்டைச்சதை அன்றைக்கே பழிவாங்கிவிடும். உடம்பை இடுப்பிலிருந்து லேசாக முன்னால் சாய்த்தால் பாதத்தைத் தாண்டுவது சுலபமாகும். சரிவுக்கேற்ப வளைந்து கொடுக்கும் ஹைட்ராலிக் கணுக்கால் உள்ள பாதங்களும் கிடைக்கின்றன. மூட்டுக்கே செலவழித்துவிட்டுப் பாதத்தில் மிச்சம் பிடிப்பது, சரிவு நிறைந்த இடத்தில் வாழ்கிறவருக்கு நல்ல கணக்கில்லை.

சாக்கெட்டை மறந்துவிட்டு மூட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. ஏறும்போது இடுப்பு அதிகம் மடங்குவதால் சாக்கெட்டின் முன்விளிம்பு அடிவயிற்றோரம் குத்தும். தோலின் மேல் மாட்டும் ரப்பர் போன்ற லைனருக்குள் வியர்வை தேங்கும். நாள் போகப் போக ஸ்டம்ப் சற்றுச் சுருங்கிச் சாக்கெட்டுக்குள் ஆழமாக இறங்கும். இதெல்லாம் ஏற்றத்தில் வெறும் தொந்தரவு, இறக்கத்தில் ஆபத்து. ஏனென்றால் வியர்வையில் சாக்கெட் கொஞ்சம் சுழன்றுவிட்டால் மூட்டு மடங்கும் திசை நடக்கும் திசையாக இருக்காது. ஷூவின் நுனி வெளிப்பக்கம் பார்க்க ஆரம்பித்தால் அதுதான் அறிகுறி. உச்சிக்குப் போனதும், இறங்குவதற்கு முன்பு, ஓரிடத்தில் உட்கார்ந்து காலைக் கழற்றி, லைனரை உருவி, ஸ்டம்ப்பையும் லைனரையும் துணியால் துடைத்து, தோல் எங்கேயாவது சிவந்திருக்கிறதா பார்த்து, தளர்வாக இருந்தால் ஸ்டம்ப்புக்கான துணி உறை ஒன்றைக் கூடுதலாகப் போட்டு, மறுபடி மாட்டிக்கொள்வேன். கூட வந்தவர்கள் காத்திருப்பார்கள். காத்திருக்கட்டும். துடைக்க ஒரு காய்ந்த துணி, ஒன்றிரண்டு உறை, இவை என் பையில் தண்ணீருக்கு முன்னால் ஏறும் பொருட்கள்.

தடி வைத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஒரு தடி என்றால் செயற்கைக் காலுக்கு எதிர்க்கையில், எனக்கு வலது கை. இறக்கத்தில் தடியும் செயற்கைக் காலும் சேர்ந்து முன்னால் போகும். நீளத்தை மாற்றக்கூடிய மலையேற்றத் தடி இரண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. ஏறும்போது குட்டையாக்கவும், இறங்கும்போது நீட்டவும். நீட்டாமல் இறங்கினால் தடி தரையைத் தொட உடம்பை வளைக்க வேண்டியிருக்கும்.

தரையைப் பாதம் உணராது என்பது தெரிந்ததுதான், ஆனால் சாக்கெட் வழியாகக் கொஞ்சம் தகவல் வரும். கெட்டித் தரையில் குதிகால் பட்டால் ஸ்டம்ப்பில் ஒரு தட்டு தெரியும். சரளைக்கல்லில் அந்தத் தட்டு இருக்காது, மந்தமாக இருக்கும். காய்ந்த இலை மேல் எதுவுமே வராது. தட்டு வராத இடத்தில் நான் எடையை முழுசாக விடுவதில்லை. ஈரப்புல் இறக்கத்தில் நான் நடப்பதே இல்லை. சுற்றிப் போக வழி இல்லையென்றால் உட்கார்ந்து நகர்ந்து இறங்குவேன். பின்பக்கம் அழுக்காகும், அவ்வளவுதானே.

விழுவதைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் விழுவோம். சரிவில் முன்பக்கத் தரை தூரத்தில் இருக்கிறது, பின்பக்கத் தரை கிட்டத்தில் இருக்கிறது. மூட்டு விட்டுவிட்டது என்று தெரிந்ததும் தடியை விட்டுவிட்டு, முன்னால் பாயாமல், மேட்டுப் பக்கமாக உட்காரப் பார்க்க வேண்டும். கையை விறைப்பாக நீட்டி ஊன்றினால் மணிக்கட்டுப் போய்விடும். இதை மெத்தை விரித்த தரையில் பிசியோவோடு சேர்ந்து பழகிக்கொள்ளலாம். எழுந்திருக்க, மேட்டைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் ஊன்றி, நல்ல பாதத்தை வயிற்றுக்குக் கீழே கொண்டுவந்து எழ வேண்டும். செயற்கைக் கால் பின்னால் நீட்டியபடி தானாக வரும். கூட இருப்பவர்கள் கையைப் பிடித்துத் தூக்கப் பார்ப்பார்கள், அது இருவரையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடும். பள்ளத்துப் பக்கம் வந்து நில்லுங்கள், அது போதும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவேன்.

நீண்ட இறக்கத்துக்கு மறுநாள் வலிப்பது நல்ல காலின் தொடைதான். நீண்டுகொண்டே பாரம் தாங்கும் தசை அப்படித்தான் வலிக்கும், இரண்டொரு நாளில் போய்விடும். முழங்கால் மூட்டுக்குள் வலித்தால் அது வேறு விஷயம். ஒரு கால் இழந்தவர்களுக்கு மிச்சமிருக்கும் முழங்காலில் தேய்மானம் வரும் வாய்ப்பு அதிகம், அதனால் அந்த வலியை நான் தள்ளிப்போடுவதில்லை. ஹைட்ராலிக் மூட்டு வந்த பிறகு எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம் நடையின் அழகில் இல்லை, இறக்கத்தின் வேலையில் ஒரு பங்கை இடது பக்கம் எடுத்துக்கொள்வதால் வலது முழங்கால் மாலையில் வீங்குவதில்லை என்பதில் இருக்கிறது.

கால் பொருத்தும் இடங்களில் நடந்து பார்க்கச் சொல்வது பெரும்பாலும் வழவழப்பான மட்டத் தரையில். அங்கே எந்த மூட்டும் நன்றாகத்தான் இருக்கும். புது மூட்டோ புதுப் பாதமோ எடுப்பதற்கு முன்னால், கட்டடத்துக்கு வெளியே இருக்கும் சாய்தளத்துக்குக் கால் பொருத்துகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் தினமும் போடுகிற ஷூவோடு இறங்கிக் காட்டுங்கள், பக்கவாட்டிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள், குதிகால் பட்டதும் கீழ்க்கால் எவ்வளவு வேகமாக முன்னால் சாய்கிறது என்று அவருக்கே தெரியும். திருகு முடுக்கும் ஓர் ஆலன் சாவியை அரைச் சுற்றுத் திருப்பினால் தீர்ந்துவிடுகிற பிரச்சினையாகக்கூட அது இருக்கலாம்.